பள்ளிக்கூடத்தை நகர்த்திய லவீனா மேப்ஸ்

கோபம் வந்தால் லவீனா தன் புருஷனை "மிஸ்டர் மேப்ஸ்" என்று கூப்பிடுவாள். சாதாரண நாட்களில் அவன் ஜெத்ரோ. விளைச்சல் நன்றாக இருந்த வருஷங்களில் ஜெத். 1887-ஆம் வருஷம் ஜூன் மாதத்திலிருந்து கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை அவன் மிஸ்டர் மேப்ஸாகவே காலம் தள்ளினான். அதற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் அவர்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூடம் என்பது ஒற்றை அறை. மரப்பலகைச் சுவர், நடுவில் ஒரு கணப்பு அடுப்பு, ஒரு டீச்சர், எல்லா வகுப்பும் அதற்குள்ளேயே. முதலில் வந்தவர்கள் கிழக்கோரத்தில் நிலம் பிடித்ததால் பள்ளியையும் கிழக்கோரத்தில் ஹைரம் கால்கின்ஸின் வேலியை ஒட்டிக் கட்டினார்கள். அப்புறம் மேற்கே வீடுகள் முளைத்தன, வீட்டுக்கு வீடு பிள்ளைகளும் முளைத்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் கால்கின்ஸ் வேலியை விட்டு நகரவில்லை. மேப்ஸ் வீட்டிலிருந்து அது நாலரை மைல். குளிர்காலத்தில் பனிப்புயல் வரும், அனுப்ப பயம். மற்ற மாதங்களில் விதைப்பு, களையெடுப்பு, சோளம் ஒடிப்பு, அனுப்ப ஆள் மிச்சமில்லை. இப்படியே போய் மூத்தவள் டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. வரிசையாகப் படிக்க வேண்டிய பாடப்புத்தகங்களில் இரண்டாவதை இன்னும் தாண்டவில்லை.

லிங்கன் நகரத்தில் ஜெத்ரோவின் அக்கா ஒரு சாப்பாட்டு விடுதி நடத்திக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"படிப்பு வராத பொண்ண வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்யறது? அடுத்த வருஷ அறுவடை முடியட்டும், அக்காகிட்ட அனுப்பிடறேன்னு சொல்லிட்டேன்" என்றான் ஜெத்ரோ.

"படிப்பு வரலன்னு யார் சொன்னா? அவ படிப்பு இருக்கற எடத்துக்குப் போனாத்தான வரும்!" என்றாள் லவீனா.

லவீனா ஒஹாயோவில் பிறந்தவள். ஒன்பது வயது வரை பள்ளிக்குப் போனாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் ஐந்து பேர் பிறந்துவிட்டதால் தொட்டில் ஆட்டுவதற்காக அவளை நிறுத்திவிட்டார்கள். பைபிளை விரல் வைத்து வாசிப்பாள். கூட்டல் கழித்தலுக்கும் விரல்தான். விரல் தீர்ந்துவிட்டால் அவரை விதை. இதையெல்லாம் நினைத்து அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருகிறவள் இல்லை. ஆனால் தனக்கு நடந்ததே டெல்லாவுக்கும் நடக்கப் போகிறது என்று தெரிந்தபோது அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தை நகர்த்த வேண்டும் என்று மேற்குப் பக்கத்து ஆண்கள் எல்லாரும் தங்கள் வீட்டு மேஜையில் வீராவேசமாகப் பேசுவார்கள். வருஷக் கூட்டத்துக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். கால்கின்ஸ்தான் பள்ளிக் குழுவின் தலைவர். டீச்சர் தங்குவது அவர் வீட்டில், பிள்ளைகள் தண்ணீர் குடிப்பது அவர் கிணற்றில். இதெல்லாம்கூடப் பெரிசில்லை. அந்த வட்டாரத்தில் கதிரடிக்கும் நீராவி இயந்திரம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆகஸ்டில் அது வீடு வீடாக வரும். யார் வீட்டுக்கு முதலில், யார் வீட்டுக்குக் கடைசியில் என்று முடிவு செய்கிறவர் அவர். கடைசி வீட்டுக்காரன் கதிர்க்கட்டை வயலில் நிறுத்தி வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ஆகவே கூட்டத்தில் கால்கின்ஸ் தும்மினால் இருபது பேர் கைக்குட்டை நீட்டினார்கள்.

லவீனாவுக்கு ஒரு விஷயம் தெரியும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பள்ளிக்கூட விஷயத்தில் ஓட்டு உண்டு என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்குப் பெண்களுக்குப் புத்தி போதாது, பள்ளிக்கூட அடுப்புக்கு விறகு வாங்குகிற அளவுக்குப் போதும் என்று சட்டம் போட்ட மகராசன்கள் நினைத்திருக்கலாம். எது எப்படியோ, அந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணும் அதுவரை அதைப் பயன்படுத்தவில்லை. ஜூன் மாதம் முழுக்க லவீனா முட்டை விற்கப் போகிற சாக்கில் வண்டியைக் கட்டிக்கொண்டு மேற்குப் பக்கத்து அடுப்படி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். கடல் தாண்டி பொஹீமியா நாட்டிலிருந்து வந்த பார்பொராவுக்கு எட்டுப் பிள்ளைகள். அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"பிள்ளைக்கு ஒரு ஓட்டா?"

"இல்லடி. அம்மாவுக்கு ஒண்ணே ஒண்ணுதான்."

"அப்ப எட்டு பெத்தது வீணா?"

கூட்டத்தன்று பெண்கள் கைக்குழந்தைகளோடு வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். கால்கின்ஸ் வாசலில் நின்று தாடியைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

"என்ன லவீனா, கல்யாண விருந்தா? எனக்குச் சொல்லவே இல்லையே!"

"விருந்து இல்லைங்க மிஸ்டர் கால்கின்ஸ். ஓட்டு."

"ஓட்டா? அதான் ஜெத்ரோ வந்திருக்கானே."

"அவரு ஓட்டு அவருக்கு. பெத்தவ நானும் இருக்கேன்ல."

அந்த ஊர் வழக்கப்படி ஓட்டுக்குச் சீட்டெல்லாம் கிடையாது. வேண்டும் என்கிறவர்கள் ஒரு சுவரோரம், வேண்டாம் என்கிறவர்கள் எதிர்ச் சுவரோரம் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். பள்ளிக்கூடத்தை வட்டாரத்தின் நட்டநடுவுக்கு நகர்த்த வேண்டும் என்று லவீனா எழுந்து சொன்னாள். நகர்த்துகிறவர்கள் மேற்குச் சுவருக்கு, மாட்டேன் என்கிறவர்கள் கிழக்குச் சுவருக்கு என்றார் கால்கின்ஸ். ஆண்கள் மொத்தமும் கிழக்குச் சுவருக்குப் போய் ஒட்டிக்கொண்டார்கள். ஜெத்ரோவும் போனான். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

லவீனா அவனையே பார்த்தபடி மேற்குச் சுவருக்கு நடந்தாள். பதினான்கு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவன் எதிர்ச் சுவரில் நிற்கிறான் என்பது அவளுக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. பின்னால் பார்பொரா வந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். கால்கின்ஸின் மனைவி சலோமி மட்டும் முன்பெஞ்சில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். எந்தச் சுவருக்கும் போகவில்லை. எண்ணிப் பார்த்தால் மேற்குச் சுவரில் மூன்று தலை அதிகம். கால்கின்ஸ் இரண்டு தரம் எண்ணினார். குழந்தைகளைச் சேர்த்து எண்ணிவிட்டோமா என்று மூன்றாம் தரமும் எண்ணினார்.

"சரி, வசந்தத்துக்குள்ள நகர்த்திக்கங்க" என்றார் கடைசியில். "பள்ளிக்கூடக் கட்டடத்த நகர்த்தலாம்னு தீர்மானம். யாரு குதிரையால இழுப்பீங்கன்னு தீர்மானத்துல இல்ல. பாவாடையில கட்டி இழுப்பீங்களோ என்னவோ!"

ஆண்கள் சிரித்தார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டு மேஜையில் டணாரென்று விழுந்தது. "மிஸ்டர் மேப்ஸ், உங்க சாப்பாடு."

"லவீனா, நம்ம கோதுமைய நெனச்சுப் பாரு. அவரு மிஷின் வரலன்னா..."

"நெனச்சுதான் பாத்தேன். கோதுமை வருஷா வருஷம் வெளையும். டெல்லாவுக்குப் பன்னெண்டு வயசு ஒரு தடவதான் வரும்."

ஆகஸ்டில் இயந்திரம் வந்தது. இயந்திரத்தோடு ஊர் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வேலை செய்வார்கள், அந்தந்த வீட்டுப் பெண் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவாள். கோழி வறுவல், வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் கேக், டோனட் என்று பாரம் தாங்காமல் மேஜை முனகும். யார் வீட்டுச் சாப்பாடு உசத்தி என்று பெண்களுக்குள் போட்டியே நடக்கும். ஆண்கள் வருஷம் பூராவும் பேசிக்கொண்டிருப்பது கோதுமையைப் பற்றி என்று நினைத்தால் தப்பு, அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த வருஷம் மேற்குப் பக்கத்து முதல் வீடு பார்பொராவுடையது. முகத்தில் தூசி அப்பிய இருபது பேர் கை கழுவிவிட்டு ஆசையாக வந்து உட்கார்ந்தார்கள். மேஜையில் ஆறிப்போன சோளக்கூழ் இருந்தது. பக்கத்தில் உப்பு.

"பார்பொரா, கோழி எங்க?"

"கோழி பள்ளிக்கூடம் வந்ததும் வரும்" என்றாள் பார்பொரா.

அடுத்த வீட்டிலும் சோளக்கூழ். அதற்கடுத்த வீட்டில் சோளக்கூழோடு சிரிப்பும் பரிமாறினார்கள். மேப்ஸ் வீட்டுக்கு வந்தபோது லவீனா மேஜைக்கு நடுவில் ஒரு முழு ஆப்பிள் கேக்கை வைத்திருந்தாள். பட்டையும் சர்க்கரையும் மணந்தன. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"குதிரை தர்றேங்கறவங்க தட்ட நீட்டுங்க."

முதலில் ஒரு தட்டு நீண்டது. அப்புறம் இன்னொன்று. கால்கின்ஸ் வெளியே இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததால் பிழைத்தார்கள். ஜெத்ரோ மட்டும் தட்டை நீட்டவில்லை. கூழைக் குடித்துவிட்டு எழுந்து போனான். கோழை என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்கு முந்திய வருஷம் வெட்டுக்கிளி, அதற்கு முந்திய வருஷம் ஆலங்கட்டி மழை. பயந்து பயந்து பழகிய மனுஷன்.

டிசம்பரில் நிலம் கல்லாக உறைந்து, மேலே பனி படிந்து, கட்டடம் வழுக்கிக்கொண்டு போக வசதியாக இருந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். வண்டிச் சக்கரத்தில் துணி கட்டிச் சுற்றை எண்ணி வட்டாரத்தின் நடுவை முன்பே கண்டுபிடித்து ஒரு கழி நட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் அடியில் இரண்டு நீள உத்தரங்களைச் சொருகி, சங்கிலி மாட்டியாகிவிட்டது. டீச்சர் மிஸ் எஃபிக்குப் பத்தொன்பது வயது. பள்ளி நாளென்றால் பள்ளி நாள்தான், கட்டடம் நகர்ந்தால் எனக்கென்ன என்று சொல்லி, அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளைக் கம்பளியோடு உள்ளே உட்காரவைத்து மணியடித்துவிட்டாள். டெல்லாவும் அன்றைக்கு உள்ளேதான் இருந்தாள்.

சொன்னபடி ஆண்கள் குதிரைகளோடு வந்தார்கள். ஆனால் கால்கின்ஸும் வந்திருந்தார். சாலையோரம் தன் கறுப்புக் குதிரைமேல் உட்கார்ந்து, யார் யார் பூட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேக் தின்ற வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. ஒருவன் தன் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தான். ஒருவனுக்குச் சேணவாரில் ஏதோ கோளாறு. எல்லாம் இந்த இடத்தில் வந்து நின்றுவிட்டதே என்று லவீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது மேற்கிலிருந்து இரண்டு சாம்பல் நிறக் குதிரைகள் வந்தன. ஜெத்ரோ. யாரிடமும் பேசாமல் நேராக வந்து முன்சங்கிலியில் பூட்டினான்.

"ஜெத்ரோ, யோசிச்சுத்தான் செய்யறியா?" என்றார் கால்கின்ஸ்.

"ஜூன் மாசத்துலேருந்து யோசிச்சிட்டுத்தாங்க இருக்கேன்" என்றான் ஜெத்ரோ. "வீட்டுல மிஸ்டர் மேப்ஸா இருந்து இருந்து அலுத்துப்போச்சு."

அவ்வளவுதான், மற்றவர்களுக்கும் குளம்பு சரியாகிவிட்டது, சேணவாரும் சரியாகிவிட்டது. எல்லாக் குதிரைகளும் சேர்ந்து இழுக்க, பள்ளிக்கூடம் ஒரு முனகலோடு எழுந்து நகர்ந்தது. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு பாடுவது வெளியே கேட்டது. லவீனா பக்கத்தில் நடந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மிஸ் எஃபி சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைக் காட்டி, "நாம இப்ப எங்க இருக்கோம்? யாராவது சொல்லுங்க" என்று கேட்டாள்.

பார்பொராவின் மூன்றாவது பையன் ஜன்னலை எட்டிப் பார்த்தான். "கால்கின்ஸ் சோளக்காட்டுகிட்ட, மிஸ்... இல்ல மிஸ், தாண்டிட்டோம்."

லவீனா முன்னால் ஓடிப்போய் ஜெத்ரோவின் கம்பளிக் கழுத்துப்பட்டையை இழுத்துச் சரிசெய்தாள். "குளுருதா ஜெத்?" என்றாள். அவன் முகம் சிவந்துவிட்டது, குளிரால் என்று சொல்லிக்கொண்டான்.

பின்னாளில் லவீனா பதினோரு வருஷம் பள்ளிக் குழுவில் இருந்தாள். வேலைக்கு வருகிற டீச்சர்கள் மாவட்ட அதிகாரியின் பரீட்சைக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை, லவீனாவின் ஒரு கேள்விக்குப் பயந்தார்கள். "மெதுவா கத்துக்கற பிள்ளைய எங்க உக்கார வைப்ப?" என்று கேட்பாள். கடைசி பெஞ்சில் என்று சொன்னவள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான். அது இருக்கட்டும், நகர்ந்த பள்ளியின் முதல் நாளில் நடந்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது.

கட்டடம் வந்தது, அடுப்பு வந்தது, மணி வந்தது, கரும்பலகை கீறலில்லாமல் வந்தது. காலை பதினோரு மணிக்குச் சின்னப் பெண் ஒருத்தி விரலைத் தூக்கினாள். மிஸ் எஃபி தலையாட்டினாள். அந்தப் பெண் வெளியே போய்விட்டு உடனே திரும்பி வந்தாள்.

"மிஸ், கக்கூஸ் இல்ல."

ஊரே கூடி ஆறு மாதம் சண்டை போட்டு நகர்த்திய பள்ளிக்கூடத்தில், பையன்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என்று இருந்த இரண்டு கக்கூஸும் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவை இரண்டும் இரண்டு மைலுக்கு அப்பால் கால்கின்ஸ் வேலியோரம் ஜோடியாக நின்றன. அந்தப் புல்வெளியில் மறைவுக்கு ஒரு மரமோ புதரோ கிடையாது. மிஸ் எஃபி மத்தியானமே பள்ளியை விட்டுவிட்டாள். கேட்கப் போனவர்களிடம் கால்கின்ஸ் சாவகாசமாகச் சொன்னார்: "தீர்மானத்துல கட்டடம்னுதான் இருக்கு. கக்கூஸ்னு இல்லையே. அடுத்த ஜூன் கூட்டத்துல பேசிக்கலாம்."

மூன்று நாள் பள்ளி மத்தியானத்தோடு முடிந்தது. கால்கின்ஸுக்கும் அந்தப் பள்ளியில் நாலு பிள்ளைகள் என்பதை அவர் மறந்துவிட்டார். சலோமி மறக்கவில்லை. நாலாவது நாள் காலையில் பின்னிக்கொண்டிருந்த காலுறையை மேஜையில் வைத்தாள்.

"நாலு வானரமும் மத்தியானமே வந்து என் உசிர எடுக்குது. நீங்களா கொண்டுபோய் வைக்கறீங்களா, இல்ல நான் மாட்டப் பூட்டட்டுமா?"

சலோமி சொன்னால் செய்கிறவள். கால்கின்ஸ் இரண்டு கக்கூஸையும் பனிவண்டியில் நிமிர்த்தி ஏற்றி, கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக, பியானோ கொண்டுபோகிற தோரணையில் இரண்டு மைல் ஓட்டினார். செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டது. வழிநெடுக ஊரே நின்றது. பார்பொராவின் புருஷன் சவ ஊர்வலத்துக்குச் செய்வதுபோல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தான். கால்கின்ஸ் வலப்பக்கம் இடப்பக்கம் திரும்பவில்லை. ஆனால் யார் யார் சிரித்தார்கள் என்று அவருக்குத் தெரியும், எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் லவீனா என்பதும் தெரியும்.

அடுத்த ஆகஸ்டில் அதற்குப் பலன் கிடைத்தது. இயந்திரம் மேப்ஸ் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தது. வருவதற்குள் ஒரு வாரம் விடாமல் மழை அடித்தது. வயலில் நிறுத்தியிருந்த கதிர்க்கட்டுகளில் பாதி நனைந்து, மணியிலேயே பச்சை முளை விட்டுவிட்டது. லிங்கனிலிருந்து ஜெத்ரோவின் அக்கா, அறுவடை முடிந்ததா, பெண்ணை எப்போது அனுப்புகிறாய் என்று ஆள்மூலம் கேட்டு அனுப்பினாள்.

போன வருஷம் ஜெத்ரோவுக்குப் பதில் சொல்ல லவீனாவிடம் வாய் இருந்தது. இந்த வருஷம் முளைத்த கோதுமை முன்னால் கிடக்கிறது. குளிர்காலத்தை ஓட்ட வேண்டும், ஒரு வாய் குறைந்தால் லாபம் என்று அவன் சொன்னால் என்ன சொல்வது?

ஜெத்ரோ வயலிலிருந்து வந்து படியில் உட்கார்ந்தான். கையில் முளைவிட்ட கோதுமை ஒரு பிடி இருந்தது.

"எவ்வளவு போச்சுன்னே தெரியல" என்றான். "நல்லது எவ்வளவு, நனஞ்சது எவ்வளவு, விதைக்கு எடுத்து வச்சா தின்ன எவ்வளவு மிஞ்சும், ஒண்ணும் புரியல."

லவீனா அவரை விதை டப்பாவை எடுக்கப் போனாள். அதற்குள் டெல்லா சிலேட்டோடு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ஏக்கருக்கு எத்தன கட்டுப்பா? மேட்டு வயல்ல எத்தன முளைச்சிருக்கு? தாழ்வுல?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஜெத்ரோ சொல்லச் சொல்ல சிலேட்டில் பென்சில் கிரீச்சிட்டது. பெருக்கினாள், கழித்தாள், நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு வகுத்தாள். நாலில் ஒரு பங்குக்குமேல் போகவில்லை, விதைக்கு எடுத்து வைத்தாலும் அடுத்த மே மாதம் வரைக்கும் ரொட்டிக்கு வரும், இறைச்சிக்குப் பன்றி இருக்கிறது என்று சொல்லி, சிலேட்டை அப்பாவின் மடியில் வைத்தாள்.

ஜெத்ரோவுக்கு அந்த எண்கள் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மேலிருந்து கீழே பார்த்தான், திரும்பவும் மேலிருந்து பார்த்தான். ஓரமெல்லாம் நேராக, ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன.

"லவீனா, இங்க வா. நம்ம நஷ்டத்த எவ்வளவு அழகா எழுதியிருக்கா பாரு!"

லவீனா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். கண்ணில் நீர் நிறைந்து அவளுக்கும் எதுவும் தெரியவில்லை.

"அக்காவுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு" என்றான் ஜெத்ரோ. "இந்தத் தலைய வச்சுக்கிட்டு இவ அங்க போய்ப் பாத்திரம் தேய்க்கறதாவது!"

"இருங்கப்பா, இருங்க" என்று டெல்லா சிலேட்டைப் பிடுங்கினாள். "அம்மா கோழிக்குப் போட்டத நான் கழிக்கவே இல்ல. நஷ்டம் இன்னும் கூட!"

ஜெத்ரோ சிரித்த சிரிப்பில் படியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.